கோடு போட்ட பிறகு என்ன கருத்துக்கேட்பு?

ஈரோடு பக்கத்துக் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி அதிகாரிகள் திங்கட்கிழமை மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். அங்கே நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், மறுபடி விவரிக்கவில்லை. வரைபடம் முடிந்து, மதிப்பீடு முடிந்து, டெண்டர் வரைக்கும் போன பிறகு மைக்கை நீட்டி "உங்க கருத்தைச் சொல்லுங்க" என்றால், அதற்குப் பேர் அறிவிப்பு. கோடு போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். இதைத்தான் கேட்கிறோம்.

கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர், ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 2,07,000 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்குத் தண்ணீர், மறுபாதிக்கு ஜனவரியில் கடலைக்கும் எள்ளுக்கும். பதிவேட்டில் இருக்கிற பாசனம் இவ்வளவுதான். ஆனால் மண் வாய்க்காலில் கசிகிற தண்ணீர் கீழ்ப்புறத் தோட்டத்துக் கிணறுகளில் ஊறுகிறது, ஓடையில் இறங்கிக் குளத்துக்கும் போகிறது. அந்தக் கிணறுகள் பதிவேட்டில் இல்லை. அதனால் கசிவு மொத்தமும் 'இழப்பு' என்ற கட்டத்துக்குள் போய்விட்டது. யாருக்குங்க இழப்பு?

கான்கிரீட் போட்டுக் கசிவை நிறுத்தினால் கிணறு வற்றும், ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவார்கள். தண்ணீரை 100 மீட்டரிலிருந்து தூக்கும்போது, பம்ப் செட்டின் திறன் பாதி என்று வைத்தால், 5 ஹெச்பி நிமிடத்துக்குச் சுமார் 110 லிட்டர் தரும். 300 மீட்டருக்குப் போனால் 37 லிட்டர்தான். அதுவும் அந்த ஆழத்துக்கு வேண்டிய ஸ்டேஜ், அதாவது தண்ணீரைப் படிப்படியாக மேலே தள்ளும் அடுக்குகள், உள்ள பம்பாக இருந்தால். பழைய பம்பையே இறக்கினால் மோட்டார் ஓடும், தண்ணீர் மேலே ஏறாது. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்குத் தினம் 80 லிட்டர் என்றால் 5,600 லிட்டர். நிமிடத்துக்கு 37 லிட்டர் கணக்கில் ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம். அதே மண்டபத்து வாசலில் சோலார் பம்ப் துண்டறிக்கை வேறு கொடுத்தார்கள்! நல்ல வெயில் ஐந்தாறு மணி நேரம், அப்படியானால் இரண்டு ஏக்கர். மூன்றாவது ஏக்கரை நிலா வெளிச்சத்தில் பாய்ச்சலாம் போல.

தண்ணீர், கரண்ட், வெள்ளாமை மூன்றும் ஒரே கணக்கு. இதை மூன்று துறைகள் மூன்று ஃபைலில் போடுகின்றன. கூட்டிப் பார்க்கிறவர் தோட்டத்தில் இருக்கிறார், அவரைக் கடைசியில்தான் கூப்பிடுகிறீர்கள்.

"கடைமடைக்குத் தண்ணி சேரவே மாட்டேங்குதே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயம், மறுக்கவில்லை. ஆனால் ஷட்டர் துருப்பிடித்த மதகு, தூர் வாராத கிளை வாய்க்கால், கரையோரத் திருட்டு மோட்டார், இவையும் காரணம்தானே? எந்த மதகில் எவ்வளவு குறைகிறது என்று லஸ்கரை, அதாவது மதகைத் திறந்து மூடும் வாய்க்கால் காவலரை, கேட்டாலே சொல்வார். அவரும் அன்றைக்கு மேடையில் இல்லை.

"எல்லாரையும் கேட்டா வேலை நடக்குமா?" கேட்காமல் ஆரம்பித்த வேலைதான் பாதியில் நிற்கிறது. ஜேசிபி சும்மா நிற்கிற வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

"விவசாயிக்கு இன்ஜினியரிங் தெரியுமா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இத்தனை ஆழத்தில் போர் இறக்கி, கேபிள் இழுத்து, வால்வு வால்வாகத் திருப்பி மரத்தைக் காப்பாற்றுகிறவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? களை எடுக்கிற பெண்களையும் குத்தகைக்கு ஓட்டுகிறவர்களையும் அன்றைக்கு அழைக்கவே இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் வேண்டும் என்று 2000-லேயே சட்டம் போட்டது அரசு. சங்கத்தோடு உட்கார்ந்து, கிணற்று ஆழங்களை எழுதி, மதகுவாரியாக அளந்து, பிறகு எங்கே கான்கிரீட், எங்கே மண் கரை என்று முடிவு செய்திருக்கலாம்.

அதை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் வாங்கிய கையெழுத்தை 'விவசாயிகள் ஒப்புதல்' என்று செய்திக்குறிப்பில் போட்டீர்கள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.