இடைநின்றவர்களின் கையில் படிவத்தைக் கொடுப்போம்

பள்ளியிலிருந்து நின்றுவிட்ட பிள்ளைகளைத் தேடி வீடுவீடாகச் சென்ற ஆசிரியர்களில் நானும் ஒருவன். கணக்கெடுப்புப் படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'படிப்பில் ஆர்வமில்லை' என்று என் கையாலேயே பலமுறை எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்ற மாணவன் ஒருவன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்கூட நின்ன மத்த நாலு பேரையும் கேட்டீங்களா சார்? எல்லாருக்கும் காரணம் ஒண்ணுதான்" என்றான். அது என்னவென்று அவன் என்னிடம் சொல்லவில்லை.

அன்று முதல் பார்பியானா அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது. இத்தாலியில், பிளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே மலைமேல் இருக்கும் அந்தச் சிற்றூருக்கு 1954இல் வந்த லோரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளிகள் தோற்கடித்து அனுப்பிய ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் நடத்தினார். அவர்களுள் எட்டுப் பேர் கூடி எழுதி, 1967இல் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்', தோற்றவர்களே செய்த ஆய்வு. அரசின் புள்ளிவிவரங்களையும் பள்ளிகளில் தாங்களே திரட்டிய பதிவுகளையும் வைத்துக்கொண்டு, யார் யார் தோற்கடிக்கப்படுகிறார்கள், அவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஆசிரியையின் கண்ணில் படுவது அந்தந்த ஆண்டு எதிரே அமர்ந்திருக்கும் வகுப்பு மட்டுமே. வெளியே போனவனை வெளியே போன இன்னொருவன்தான் மறக்காமல் எண்ணுகிறான். தாளுக்கு ஒரு கருத்தாக எழுதி, தாள்களை மேசையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றுசேர்த்து அவர்கள் உருவாக்கிய அந்த நூலின் புள்ளிவிவரப் பகுதிக்கு இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசளித்தது. அந்த நூலின் கோபம் ஆசிரியனான என்னைச் சுட்டது. சில இடங்களில் அநியாயமாகவும் பட்டது. ஆனாலும் அந்தக் கணக்கைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பள்ளியைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டுமென்றால் நாம் வகுப்புத் தலைவனையும் முதல் மதிப்பெண் பெற்றவளையும்தான் அழைக்கிறோம். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருப்பவனுக்கு எது வலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பள்ளியைப் பற்றிய ஆய்வுக்கான கேள்விகளை அவனிடமே எழுதச் சொல்ல வேண்டும். கண்டறிந்தது நமக்குக் கசந்தாலும் அதைத் திருத்தக் கூடாது. சொன்னவர் யார் என்று துருவக் கூடாது. இந்த உறுதியைத் தர முடியாத பள்ளி அவர்களை ஆய்வுக்கு அழைக்காமலிருப்பதே நல்லது, ஏனென்றால் ஒருமுறை நம்பிப் பேசி அடிபட்ட பிள்ளை மறுமுறை பேசமாட்டான்.

வரும் கணக்கெடுப்புக்கு அந்த மாணவனையும் மற்ற நால்வரையும் அழைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்களே எழுதுவார்கள். பெயர்கள் அவர்களிடமே இருக்கும். கிடைத்த விடைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் அவர்களே வாசிக்க நேரம் ஒதுக்குமாறு கேட்டிருக்கிறேன்.