தடைக்காலத்தில் ஒரு பாடு

(சென்னை காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். மொட்டை மாடிகளுக்கு நடுவே இடுப்பளவு சுவர். இந்தப் பக்கம் ஓய்வு பெற்ற விமலா டீச்சரின் தொட்டிச் செடிகள். அந்தப் பக்கம் லாஞ்சு, அதாவது விசைப்படகு, ஓட்டும் தேசப்பன். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ராத்திரி கடலில் விழித்தே பழகியவருக்கு வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் பேசியதை அப்படியே எழுதினால் காகிதம் தாங்காது. கொஞ்சம் உப்பு அலசித்தான் எழுதியிருக்கிறேன்.)

தேசப்பன்: இன்னா டீச்சர், ராத்திரியில் வேட்டியைக் காயப் போட்டு, அதற்கு லைட் வேறயா?

டீச்சர்: காயப் போடவில்லை தேசப்பன். பூச்சி பார்க்கிறேன்.

தேசப்பன்: பூச்சி பார்க்க லைட்டா? எங்கள் வீட்டுக் கரப்பான் லைட்டை அணைத்தால்தான் வரும்.

டீச்சர்: இது அந்துப்பூச்சி. ராத்திரி விளக்கைச் சுற்றுமே, அது.

தேசப்பன்: அது என்ன கலர், நீலமும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல்? வேட்டி வேறு தகதக என்று மின்னுகிறது.

டீச்சர்: புற ஊதா லைட். நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, பூச்சிக்கு நன்றாகத் தெரியும். வேட்டி மின்னுவது சோப்புப் பவுடரின் வேலை. துணி பளிச்சென்று தெரிய அதில் ஒரு மருந்து கலக்கிறார்கள், அது இந்த வெளிச்சம் பட்டால் ஒளிரும். லைட்டை உற்றுப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆகாது.

தேசப்பன்: (உற்றுப் பார்த்துக்கொண்டே) சரி. கீழே பெயிண்ட் வாளி எதற்கு?

டீச்சர்: அதுதான் பொறி. லைட்டில் மோதுகிற பூச்சி புனல் வழியாக உள்ளே விழும். முட்டை அட்டை அடுக்கியிருக்கிறேன். குழிக்குள் புகுந்துகொண்டு விடியும்வரை சிவனே என்று உட்கார்ந்திருக்கும்.

தேசப்பன்: லைட் போட்டு இழுத்து, வாய் வழியாக இறக்கி, வலை மடியில் விழுவது மாதிரி விழ வைக்கிறீர்கள். டீச்சர், இது தப்பு. லைட் போட்டு மீன் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-லேயே தடை போட்டாச்சு. கடலுக்கு ஒரு சட்டம், மாடிக்கு ஒரு சட்டமா?

டீச்சர்: காலையில் படம் எடுத்து, பேர் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் விட்டுவிடுவேன்.

தேசப்பன்: அடுத்த தடவை ரோந்து போட்டில் வந்து கேட்டால் நானும் அதையே சொல்லிப் பார்க்கிறேன். 'சார், பேர் மட்டும் எழுதிக்கொள்கிறேன் சார்.'

டீச்சர்: ஒரு பூச்சியைக்கூடக் கொல்வதில்லை தேசப்பன்.

தேசப்பன்: பிடித்ததைத் திருப்பி விடவா ராத்திரி முழுக்க லைட் எரிகிறது? எங்கள் ஓனர் காதில் விழுந்தால் மயக்கம் போட்டுவிடுவார். அது போகட்டும். இன்றைக்குப் பாடு இருக்காது, ஒன்றும் விழாது, எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

டீச்சர்: எப்படிச் சொல்கிறீர்கள்?

தேசப்பன்: மேலே பாருங்கள். பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் நிலா. அது இருக்கும்போது உங்கள் லைட்டை எவன் மதிப்பான்? கடல் காற்று வேறு நிற்காமல் அடிக்கிறது. அமாவாசைப் பக்கம், காற்று விழுந்து, மேகம் மூடி, உடம்பெல்லாம் கசகசக்கும் பாருங்கள், அந்த ராத்திரி போடுங்கள். வாளி கொள்ளாது.

டீச்சர்: (நோட்டைப் புரட்டுகிறார்) இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நோட்டு முழுசாகத் தீர்ந்தது.

தேசப்பன்: எனக்கு எங்க நைனா கன்னத்தில் ஒரே அறையில் சொல்லிக்கொடுத்தார்.

டீச்சர்: பாடு இல்லாவிட்டாலும் லைட் போட வேண்டும். தேதி, நிலா, காற்று, வெப்பம், எந்த லைட், எல்லாம் எழுதி, பூச்சி ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். அப்போதுதான் கணக்கு.

தேசப்பன்: ஒன்றும் விழாத நாளைத்தான் எங்கள் ஓனர் பெரிய எழுத்தில் எழுதுவார். டீசல் கணக்கில்.

(நிலா பனைமரத்துக்கு மேல் ஏறுகிறது. துறைமுகப் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம்கூட இல்லை. அத்தனை லாஞ்சும் கரையில் கிடக்கிற காலம்.)

தேசப்பன்: அது சரி, எதற்கு இப்படி லைட்டில் வந்து முட்டிக்கொள்கிறது? ஆசையா?

டீச்சர்: ஆசை எல்லாம் கவிஞர்கள் சொன்னது. நிலாவைப் பார்த்துத் திசை பிடிக்கிற பூச்சி, பல்பை நிலா என்று ஏமாறுகிறது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. வேகக் கேமரா வைத்துப் படம் பிடித்துப் பார்த்தால், பூச்சி லைட்டை நோக்கி வரவே இல்லை, முதுகை லைட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு பறக்கிறது.

தேசப்பன்: முதுகையா?

டீச்சர்: ஆமாம். ராத்திரியில்கூடத் தரையைவிட வானம்தான் கொஞ்சம் வெளிச்சம். வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுதான் மேலே என்று அதன் உடம்புக்குத் தெரியும். பக்கவாட்டில் ஒரு பல்பு வந்துவிட்டால் அதற்கு முதுகைக் காட்டிச் சாய்கிறது. சாய்ந்தால் திரும்புகிறது. திரும்பினால் மறுபடி சாய வேண்டியிருக்கிறது. அப்படியே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது.

தேசப்பன்: (கொஞ்ச நேரம் பேசவில்லை) ஒரு தடவை வலைக் கயிறு காலில் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது டீச்சர். உள்ளே போனால் மேல் எது, கீழ் எது, ஒன்றும் புரியாது. வெளிச்சம் தெரிந்த பக்கமாக உதைத்து உதைத்துத்தான் வெளியே வந்தேன்.

டீச்சர்: அதேதான் தேசப்பன்!

தேசப்பன்: நல்லவேளை, பகல். ராத்திரியாக இருந்திருந்தால் லாஞ்சு லைட்டைச் சுற்றிக்கொண்டே கிடந்திருப்பேன். ஓனர் அதற்கும் சம்பளத்தில் பிடித்திருப்பார்.

டீச்சர்: பட்டாம்பூச்சி நம் நாட்டில் 1,300 வகை சொச்சம். அந்துப்பூச்சி 10,000-க்கும் மேலே. ஆனால் பாட்டெல்லாம் பட்டாம்பூச்சிக்குத்தான்.

தேசப்பன்: வஞ்சிரத்தைத்தானே எல்லாரும் படம் பிடிப்பார்கள்? கூடையில் பாதி கழசல்தான், விலை போகாத பொடி மீன், அதை எவன் பார்க்கிறான்? ஆனால் டீச்சர், பத்தாயிரம் எல்லாம் ஓவர். எங்கள் வீட்டில் ஒன்றுகூட நான் பார்த்தது கிடையாது.

டீச்சர்: சுவரில் ஒட்டிக்கொண்டு நகருமே, சிமெண்ட் துணுக்கு மாதிரி, தட்டையாக, இரண்டு நுனியும் கூராக?

தேசப்பன்: அட, அந்தக் கூடா? பாத்ரூம் சுவர் முழுக்க அதுதான்.

டீச்சர்: அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தூசி, மண் எல்லாம் சேர்த்துத் தனக்குத் தானே உறை கட்டிக்கொண்டு அலைகிறது. இரண்டு பக்கமும் வாசல், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தலையை நீட்டும். ஒட்டடையும் தலைமுடியும்தான் சாப்பாடு. அரிசி டப்பாவில் நூலாம்படை கட்டுகிற புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான்.

தேசப்பன்: போதும், போதும். வீட்டம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள். பீரோவைத் திறக்கவே பயப்படுவாள்.

டீச்சர்: பீரோவில் பட்டுப்புடவை இருக்கிறதா? அதுவும் அந்துப்பூச்சி கொடுத்த நூல்தான்.

தேசப்பன்: இதைச் சொல்லலாம். இனிமேல் பட்டு வேண்டாம் என்பாள்.

(விடியற்காலை. தேசப்பன் சுவர் ஏறி இந்தப் பக்கம் வந்துவிட்டார். வாளி ஓரம் வயிறு உப்பிய ஒரு பல்லி. தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு காகங்கள், கல்யாண வீட்டுப் பந்திக்கு முதல் ஆளாக வந்தவர்களின் முகத்தோடு.)

தேசப்பன்: பார்த்தீர்களா, பாதிப் பாட்டைப் பல்லி அடித்துவிட்டது.

டீச்சர்: அதனால்தான் காகம் கண் வைக்கும் முன்னால் செடிக்குள் கொண்டுபோய் விட வேண்டும். அட்டையை மெதுவாகத் தூக்குங்கள். மெதுவாக!

தேசப்பன்: வண்டு, வண்டு, கொசு, மறுபடி வண்டு. எல்லாம் கழசல். அடடே, இது யார் மிலிட்டரி?

(அட்டைக் குழியில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று. கரும்பச்சையும் இளம்பச்சையும் அலை அலையாக, நடுவே லேசான ரோஸ். இறக்கை மட்டும் நிற்காமல் நடுங்குகிறது.)

டீச்சர்: என் நந்தியாவட்டையை மொட்டை அடித்தவர் இவர்தான். அரளி இலையும் தின்று வளரும்.

தேசப்பன்: பயத்தில் நடுங்குகிறது பாவம்.

டீச்சர்: பயம் இல்லை. பறப்பதற்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது.

தேசப்பன்: (மரியாதையோடு) இன்ஜின் சூடாகாமல் கிளப்பக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. என் பையனுக்கு இன்னும் தெரியவில்லை. இந்த மஞ்சப் பழுப்பு?

டீச்சர்: உங்கள் வாசல் முருங்கையில் கொத்துக் கொத்தாக அப்புகிற கம்பளிப்பூச்சியின் அம்மா.

தேசப்பன்: (ஓர் அடி பின்வாங்கி முழங்கையைச் சொறிகிறார்) பார்த்தாலே அரிக்கிறது. இதோ, வெள்ளையாக ஒரு பொடிசு. வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அழகாக இருக்கிறதே!

டீச்சர்: (தயங்குகிறார்) அது... கத்திரிக்காயில் துளை போடுகிற புழு இருக்கிறது அல்லவா...

தேசப்பன்: இருக்கிறது.

டீச்சர்: அதன் பெற்றோர்.

தேசப்பன்: டீச்சர். போன வாரம் கருவாட்டுக் குழம்புக்கு நீங்கள் கொடுத்த கத்திரிக்காய்.

டீச்சர்: மருந்து அடிக்காத கத்திரிக்காய்.

தேசப்பன்: பாதிக் காயில் கருவாட்டைவிடப் பெரிய ஆள் உட்கார்ந்திருந்தான். கழுவாமல் போட்டாய் என்று நான் சொல்ல, கண் தெரியாமல் தின்றாய் என்று அவள் சொல்ல, இரண்டு நாள் சண்டை. அதற்குக் காரணமானவன் இதோ கையும் களவுமாகச் சிக்கியிருக்கிறான். நீங்கள் இவனைப் படம் எடுத்து, பேர் எழுதி, அதே கத்திரிச் செடியில் விடப்போகிறீர்களா?

டீச்சர்: நந்தியாவட்டையில் விடுகிறேன்.

தேசப்பன்: இரண்டு அடி தள்ளி!

டீச்சர்: பதிவு பதிவுதான் தேசப்பன். பிடித்தவன், பிடிக்காதவன் என்று பார்த்து எழுதினால் அது கணக்கா?

தேசப்பன்: (பெருமூச்சு) சரி, விடுங்கள். ஆனால் ஒன்று. உங்களுக்கு லைட் வைக்கவே தெரியவில்லை. நிலாவுக்கு எதிரே வைத்திருக்கிறீர்கள், காற்றுக்கு மறைப்பும் இல்லை. ஜூன் 14 வரை எனக்கும் வேலை கிடையாது. அதுவரை இந்த வாளிக்கு நான்தான் டிரைவர். தொட்டிக்குப் பின்னால் மறைப்பாகக் கட்டுகிறேன்.

டீச்சர்: கூலி?

தேசப்பன்: கூலி எல்லாம் வேண்டாம், பங்கு. நோட்டில் யார் பார்த்தது என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என் பேரையும் எழுதுங்கள்.

டீச்சர்: தாராளமாக. முதலில் இன்றைய கணக்கை எழுதிவிடலாம். பச்சை ஒன்று, பார்த்தவர் விமலா, தேசப்பன். முருங்கை ஒன்று, விமலா, தேசப்பன். கத்திரி ஒன்று, விமலா...

தேசப்பன்: அங்கே நிறுத்துங்கள். அதில் மட்டும் என் பேர் வேண்டாம். வீட்டில் பார்த்தால், நான்தான் வளர்த்துக் கொடுத்தேன் என்பாள்.