இறந்தது எந்த மார்க்?

பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் மார்க் ஃபௌலராக நடித்த பையன் எய்ட்ஸில் இறந்தான், அதையே கதையாக்கினார்கள் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு. இரண்டு நடிகர்களைப் போட்டுக் குழப்பியதில் வந்த வினை இது.

1985இல் தொடர் தொடங்கியபோது, இனவெறிக் கும்பலோடு சேர்ந்து, அப்புறம் வீட்டைவிட்டே ஓடிப்போகும் விடலை மார்க்காக வந்தவர் டேவிட் ஸ்கார்பரோ. மனநலம் குன்றியிருந்த அவரைப் பரபரப்புப் பத்திரிகைகள் விடாமல் துரத்தின. 1988இல், 20 வயதில், பீச்சி ஹெட் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். எய்ட்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மார்க்குக்கு எச்.ஐ.வி. என்ற கதை 1991இல்தான் வந்தது. அப்போது மார்க்காக வந்தவர் டாட் கார்ட்டி என்ற வேறு நடிகர். 1990 முதல் 2003 வரை நடித்தவர். 2004இல் இறந்தது பாத்திரம் மட்டும்தான்.