விக்கியில் அழித்தால் போயே போய்விடுமா?

"விக்கிப்பீடியாவில் மலையகத் தமிழர் பக்கத்தை யார் வேண்டுமானாலும் நீக்கலாம், நீக்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. நிர்வாகிகள் நம் கடவுச்சொல்லையும் பார்க்கிறார்கள்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி அட்டன், நுவரெலியா பக்கத்துக் குழுக்களில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தனிப் பதிப்பாகச் சேமிக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் பற்றிய பத்தியை ஒருவர் வெட்டிவிட்டார் என்று வையுங்கள். பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எதை வெட்டியது என்பது அப்படியே தெரியும். பழைய பதிப்பை நீங்களே மீட்டுவிடலாம். முழுப் பக்கத்தையும் நீக்கும் அதிகாரம் நிர்வாகிகளுக்குத்தான். அவர்கள் நீக்கினாலும் பதிப்புகள் தரவுத்தளத்தில் கிடக்கும். இன்னொரு நிர்வாகி திரும்பக் கொண்டுவரலாம். விஷமம் தொடர்ந்தால் பக்கத்தைப் பூட்டலாம், ஆளைத் தடுக்கலாம்.

கடவுச்சொல் கதை வெறும் பூச்சாண்டி. அது திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றியே சேமிக்கப்படுகிறது, நிர்வாகிக்குத் தெரியாது. நம்பாதவர்களுக்கு மீடியாவிக்கியின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அது எழுதப்பட்ட பிஎச்பி நிரல்மொழி தெரிந்த நம் பிள்ளைகள் யாரும் படித்துப் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று: கணக்குத் தொடங்கி, அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் போட்டால், யாராவது கைவைத்ததும் அங்கே தெரிந்துவிடும்.