அரை மணி நேரத்துல கோலா உருண்டையாம், வாங்க எங்க வீட்டுக்கு!

அரை மணி நேரத்துல கோலா உருண்டை, கூட சாமை சோறு, ஒரு காய், வாரநாள் டின்னர் ரெடின்னு வீடியோ போடுறவங்க எல்லாம் ஒரு நாள் ஆபீஸ் முடிஞ்சு பஸ்ல நசுங்கி வந்து எங்க கிச்சன்ல நின்னு செஞ்சு காட்டுங்க பாப்போம். வீடியோ ஆரம்பிக்கும்போதே கழுவின கொத்துக்கறி, உரிச்ச சின்ன வெங்காயம், துருவின தேங்காய், ஊற வச்ச சாமை எல்லாம் கிண்ணம் கிண்ணமா வரிசையா உக்காந்திருக்கே, அதை யாரு பண்ணா? உங்க மாமியாரா? அவங்க நேரம் கணக்குலயே வராதா?

முதல்ல வாரநாள்ங்கிறதே பொய். செவ்வாய் வெள்ளி எங்க வீட்ல கறி ஏறாது, வியாழன் அத்தைக்கு விரதம், திங்கக்கிழமை ஞாயித்துக்கிழமை குழம்பை சுட வச்சே ஓட்டியாகணும், ஆக மொத்தம் புதன் ஒண்ணுதான். அந்த புதன் சாயங்காலம் கறிக்கடை எங்க திறந்திருக்கு? காலைல வெட்டினது மதியத்தோட காலி. திறந்திருக்கிற ஒரு கடைலயும் "கொழுப்பு வேணாண்ணே, ஜவ்வு எடுத்துட்டு போடுங்கண்ணே"ன்னு நான் சொல்லிட்டே இருக்கேன், அவர் போன்ல பேசிக்கிட்டே எல்லாத்தையும் மெஷின்ல தள்ளி கவரை கட்டி கைல குடுத்துட்டார். கேட்டா "அதான்மா டேஸ்ட்டு"ங்கிறார்!

அதை கழுவி வடிகட்டில போட்டு ஒட்டப் பிழியணும், ஈரம் கொஞ்சம் நின்னாலும் எண்ணெய்ல போட்டதும் உருண்டை உதிர்ந்து வாணலி முழுக்க தூளா மிதக்கும். அதுக்குத்தான் பொட்டுக்கடலைப் பொடி. வீடியோல "தேவையான அளவு"ங்கிறாங்க. அடேய், அந்த அளவு தெரியாமதானேடா உன் வீடியோவ பாக்குறேன்! கால் கிலோ கறிக்கு ரெண்டு மூணு ஸ்பூன்னு சொன்னா வாய் வலிக்குமா? கூடப் போச்சுன்னா கறி வாசமே இல்லாம மசால் வடை மாதிரி ஆயிடும். சோம்பு, கசகசா, தேங்காய், பச்சை மிளகாய் அரைக்கணும், அதுலயும் தண்ணி விடக்கூடாது, மிக்ஸி ஜார்ல பாதி பக்கவாட்டுல அப்பிக்கிட்டு சுத்தவே சுத்தாது. அப்புறம் பொரிக்கிறது. தீயை கூட்டினா வெளிய கருகி உள்ள பச்சையா இருக்கும், மிதமா வச்சா ஒரு ஈடு எடுக்கவே நேரமாகுது, அதுக்குள்ள ஒருத்தன் வந்து ரெண்டு எடுத்து வாயில போட்டுட்டு "காரம் கம்மிம்மா"ங்கிறான்.

சாமை கதை தனி. 2023ஐ ஐநா சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சாலும் அறிவிச்சாங்க, ஆளாளுக்கு அரிசியை விடு சாமைக்கு மாறு வரகுக்கு மாறுன்னு ஒரே அட்வைஸ். மாறலாம், நல்ல சாப்பாடுதான், நான் இல்லைங்கல. ஆனா அந்த பொடிசை நம்ம அரிசி வடிதட்டுல கழுவினா பாதி ஓட்டை வழியா சிங்க்குக்குள்ள போகுதே, அதை யாரும் சொல்லல. வழக்கமா ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டரை தண்ணி வச்சாலே உதிரியா வரும், நான் வாங்கின பாக்கெட்ல மூணுன்னு அடிச்சிருக்கான், நம்பி வச்சா களி. கரண்டில எடுத்தா கரண்டியோடவே வருது.

சரி, சத்தா ஒரு காய் வேணுமேன்னு ப்ரெஷ்ஷா அவரைக்காய் வாங்கினேன். ஒவ்வொண்ணா ரெண்டு பக்கமும் நார் உரிச்சு, பிரிச்சு உள்ள புழு இருக்கான்னு பாத்து நறுக்கணும், பத்து நிமிஷத்துல பொரியலாம்! வதக்குறதுக்கு பத்து நிமிஷம், சரி. நார் யாரு உரிப்பா, ஹாலில் மேட்ச் பாத்துட்டு இருக்கவரா? "ஏங்க, இதையாவது உரிச்சு குடுங்க"ன்னா "சிம்பிளா ரசம் வச்சிருக்கலாமே"ன்னு பதில் வருது. கோலா உருண்டை வேணும்னு அந்த வீடியோவ எனக்கு அனுப்புனதே அவருதான்!

கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொரிச்சு முடிச்சப்புறம் கால் வாணலி எண்ணெய், அடில கருகின கறித்தூளோட அப்படியே நிக்குது. அதை ஆற வச்சு, வடிகட்டி, அந்த பிசுக்கு வாணலியை தேய்ச்சு கவுக்குறதை எந்த அரை மணி நேர வீடியோலயாவது காட்டியிருக்கீங்களாடா?