கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்

கடல்நீர் மீன்தொட்டிக் கல்லில் முளைத்துப் பரவும் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் சாமந்தியை எப்படி ஒழிப்பது என்று ஒரு தம்பி படத்தோடு கேட்டிருந்தார். “ஐப்டேசியா முளைத்த கல்லைப் பானையில் போட்டுக் கொதிக்க வையுங்கள், ஒரேயடியாகச் செத்துவிடும்” என்று அண்ணன் ஒருவர் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஐப்டேசியா சாகும், சரி. ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி கேட்ட தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீளமான, நுனி கூர்த்த மெல்லிய இழைகளோடு தனியாக நிற்பது ஐப்டேசியாதான். அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில், குட்டை இழைகளோடு கூட்டமாக இருப்பது பவளத்தின் உறவான பாலிதோவா என்ற உயிரி போலத் தெரிகிறது. அதன் சதையில் மணல் துகள்கள் பதிந்திருக்கும். பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, 1971இல் பிரித்தெடுத்தார்கள். கொதிநீரில் அது அழியாது, ஆவியோடு மூச்சில் ஏறும். இப்படிக் கல்லை வேகவைத்தவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஆவி எங்கே போகும்? யாராவது ஏற்கெனவே செய்து மூச்சுத் திணறினால் உடனே 995இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஐப்டேசியாவைச் சுரண்டவும் வேண்டாம், விட்டுப்போன துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். தொட்டியின் பம்பை நிறுத்திவிட்டு, கால்க்வாஸர் (கால்சியம் ஹைட்ராக்சைடு) தூளைப் பசையாகக் குழைத்து, ஊசிக்குழலால் ஐப்டேசியாவின் வாய்மேல் வையுங்கள். அப்புறம், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.