கனியாபிஸ்கோவில் யாருமே இல்லையா?

போன வாரம் ஒரு விருந்தில் மின்சாரக் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தது. "நல்லவேளை, அணைகளை எல்லாம் ஆளில்லாத காட்டில் கட்டினார்கள், யாருக்கும் நட்டமில்லை" என்றார் ஒருவர். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மொன்றியலில் நம் வீட்டு ஹீட்டர் ஓடுவதில் கனியாபிஸ்கோவுக்கும் பங்கு உண்டு. கியூபெக்கின் வடக்கே ஏறத்தாழ 4,300 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் நீர்த்தேக்கம் அது. சுற்றிலும் ஸ்புரூஸ் காடும் சதுப்பும்தான். அங்கே போகும் சரளைச் சாலை 666 கிலோமீட்டர் நீளம், வழியில் ஓர் ஊர்கூடக் கிடையாது. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள். கிரீ மொழியில் பாறை முனை என்று பொருள். ஆளே இல்லாத இடத்துக்கு யார் பெயர் வைத்தது? கிரீ, இன்னு, நாஸ்காப்பி என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கும் மீனுக்கும் வந்துபோன நிலம் அது. வேலி போட்டு வீடு கட்டவில்லை, அவ்வளவுதான்.

1971இல், இந்த நீர்த்தேக்கமும் அடங்கிய ஜேம்ஸ் பே மின்திட்டத்தைக் கியூபெக் அரசு அறிவித்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. கிரீ மக்களும் இன்னொரு பூர்வகுடியான இனுயிட்டும் நீதிமன்றம் போன பிறகுதான் 1975இல் ஒப்பந்தம் வந்தது. 1981 முதல் 1984 வரை தண்ணீரை நிரப்பினார்கள். வடக்கே உங்காவா விரிகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த நீரை, மேற்கே மின்நிலையங்கள் இருக்கும் லா கிராண்ட் ஆற்றுக்குத் திருப்பினார்கள்.

1984 செப்டம்பர் கடைசியில், அணைக்கு வெகுதூரம் கீழே, கனியாபிஸ்கோ ஆற்றைக் கடந்த கரிபூ மான்கள் சுமார் 10,000 மூழ்கிச் செத்தன. காரணம் கனமழையா, அணையிலிருந்து விட்ட தண்ணீரா என்று அப்போதே பெரிய சண்டை. எதுவானாலும் அந்த மான்களை நம்பி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். அதை எப்படி யாருக்கும் நட்டமில்லை என்று சொல்வது?

நீர்மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியைவிட எவ்வளவோ மேல். அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறைக்காமல் பேசுவோம் என்கிறேன். காடும் மண்ணும் நீரில் மூழ்கி அழுகும்போது, அங்கிருக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் நச்சாக மாற்றுகின்றன. அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். லா கிராண்ட் நீர்த்தேக்கங்களிலும் அதுதான் நடந்தது. அப்புறம், மீனே சோறாக வாழ்ந்த கிரீ குடும்பங்களிடம் அந்த மீனை அளவாகச் சாப்பிடுங்கள் என்று சொன்னார்கள்.